ஜார்ஜ் கஃப் அர்பத்நாட்

சர் ஜார்ஜ் கஃப் அர்பத்நாட் (1848–1929) பிரித்தானிய இந்தியாவில் சென்னை மாகாணத்தில் வாழ்ந்த வணிகர், வங்கியாளர் ஆவார். சென்னையின் பெரும் வணிக நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கிய அர்பத்நாட் அண்டு கம்பெனியின் முதன்மைக் கூட்டாளியாக இருந்தார். அந்நிறுவனம் 1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் பணம் வழங்குவதை நிறுத்தி நொடித்துப் போனது. இதனால் தென்னிந்தியாவில் ஆயிரக்கணக்கான வைப்பாளர்கள் தங்கள் சேமிப்பை இழந்தனர். அர்பத்நாட் மோசடிக் குற்றத்திற்காகச் சிறைத் தண்டனையும் பெற்றார்.

ஒரே வணிகக் கூட்டின் நொடிப்பு சென்னையிலும் லண்டனிலும் ஒரே காலத்தில் இரு வேறு நடவடிக்கைகளாக நடைபெற்றது இவ்வழக்கின் தனித்தன்மையாகும். இதன் விளைவாக 1908ஆம் ஆண்டு வழங்கப்பட்ட ஆங்கிலத் தீர்ப்பு, நாடுகளின் எல்லை கடந்த நொடிப்பு வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. இந்தியன் வங்கி தோன்றுவதற்கும் இந்த வீழ்ச்சியே உடனடிக் காரணமாக அமைந்தது.

குடும்பப் பின்னணி

ஜார்ஜ் கஃப் 1848ஆம் ஆண்டு பிறந்தார். இவரது தந்தை ஆர்ச்சிபால்டு பிரான்சிசு அர்பத்நாட். தாய் கெர்ட்ரூடு, பிரித்தானியப் படைத்தலைவர் ஃபீல்டு மார்சல் ஹியூ கஃப்பின் மகள் ஆவார். ஹியூ கஃப், முதலாம் அபினிப் போரிலும் இரண்டு ஆங்கிலேய-சீக்கியப் போர்களிலும் படை நடத்தியவர். ஜார்ஜின் பெயரில் உள்ள கஃப் என்னும் சொல் இத்தாய்வழிப் பாட்டனாரின் குடும்பப் பெயராகும்.

அர்பத்நாட் குடும்பம் இசுக்காட்லாந்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் பல கிளைகளைச் சேர்ந்தோர் சென்னை மாகாணத்தில் வணிகத்திலும் அரசுப் பணியிலும் இருந்தனர். அவர்களுள் சர் அலெக்சாண்டர் ஜான் அர்பத்நாட் மாகாணத்தின் கல்வித்துறைக்கு முதல் இயக்குநராக இருந்தவர். 1872ஆம் ஆண்டில் சில மாதங்கள் சென்னையின் தற்காலிக ஆளுநராகவும் பணியாற்றினார். எனவே அர்பத்நாட் என்னும் பெயர் சென்னை மக்களுக்கு ஒரு கடையின் பெயராக மட்டுமன்றி அரசாங்கத்தோடு தொடர்புடைய பெயராகவும் அறிமுகமாகியிருந்தது. பிற்காலத்தில் பொதுமக்கள் அந்நிறுவனத்தின்மீது வைத்த அளவற்ற நம்பிக்கைக்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

அர்பத்நாட் அண்டு கம்பெனி

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையில் பாரி, பின்னி, அர்பத்நாட் ஆகிய மூன்றும் முதன்மையான ஆங்கிலேய வணிக நிறுவனங்களாக விளங்கின. பாரி, பின்னி ஆகியன பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியவை. அர்பத்நாட் நிறுவனம் 1810ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. காலத்தால் பிந்தியதாயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரின் வலிமைமிக்க வணிக அமைப்பாக அது வளர்ந்தது. அதன் அலுவலகம் துறைமுகத்தை அடுத்த முதல் கடற்கரைச் சாலையில், அதாவது இன்றைய ராஜாஜி சாலையில், அமைந்திருந்தது.

இத்தகைய நிறுவனங்கள் ஏஜென்சி நிறுவனங்கள் எனப்பட்டன. ஏற்றுமதி, இறக்குமதி, கப்பல், காப்பீடு, தோட்டங்களையும் சுரங்கங்களையும் மேலாண்மை செய்தல் ஆகிய பல தொழில்களை அவை ஒருங்கே நடத்தின. அவற்றோடு பொதுமக்களிடமிருந்து வட்டிக்கு வைப்புத்தொகை பெறும் வங்கித் தொழிலையும் அவை மேற்கொண்டன.

அக்காலத்தில் சென்னையின் பெரிய வங்கி, 1843இல் நிறுவப்பட்ட சென்னை வங்கி ஆகும். அரசாங்கப் பணத்தைக் கையாண்ட இவ்வங்கியை 1876ஆம் ஆண்டின் மாகாண வங்கிகள் சட்டம் கட்டுப்படுத்தியது. அச்சட்டத்தின்படி, அவ்வங்கி நிலத்தின்மீது கடன் கொடுக்கவோ, நெடுங்காலக் கடன் வழங்கவோ, வெளிநாட்டுப் பணமாற்றுத் தொழிலில் ஈடுபடவோ இயலாது. தனியார் நிறுவனங்களுக்கு இக்கட்டுப்பாடுகள் எவையும் இல்லை. ஆகையால் சென்னை வங்கி செய்ய முடியாத பணிகளை அர்பத்நாட் போன்ற நிறுவனங்கள் செய்தன. அதே காரணத்தால் அவற்றின் கணக்குகளைப் பார்வையிட வெளியார் எவரும் இருக்கவில்லை.

நிறுவனம் வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய கம்பெனி அன்று. பெயரில் கம்பெனி என்னும் சொல் இருந்தபோதிலும் அது ஒரு கூட்டு வணிகமே ஆகும். கூட்டு வணிகத்தில் நிறுவனத்தின் கடன் முழுவதற்கும் கூட்டாளிகள் ஒவ்வொருவரும் தத்தம் சொந்தச் சொத்தைக் கொண்டு பொறுப்பேற்க வேண்டும். வைப்பாளர்கள் இதனை ஒரு பாதுகாப்பாகக் கருதினர். செல்வம் மிக்க கூட்டாளிகளின் உடைமை அனைத்தும் தங்கள் பணத்திற்கு ஈடாக நிற்பதாக அவர்கள் எண்ணினர். ஆனால் கூட்டாளிகளின் செல்வமே அந்நிறுவனத்தில்தான் முடங்கியிருந்தது என்பது பின்னரே வெளிப்பட்டது.

பொது வாழ்வு

ஜார்ஜ் அர்பத்நாட் குடும்ப நிறுவனத்தில் சேர்ந்து அதன் முதன்மைக் கூட்டாளி நிலைக்கு உயர்ந்தார். சென்னை வங்கியின் தலைமைப் பொறுப்பையும் சென்னை வணிகக் கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். மாகாண ஆளுநரின் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். பிரித்தானிய அரசு இவருக்கு சர் பட்டம் வழங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை ஐரோப்பியச் சமூகத்தின் முதன்மையான மனிதர்களுள் ஒருவராக இவர் மதிக்கப்பட்டார்.

இவரது நிறுவனத்தில் பணம் வைத்திருந்தோர் ஐரோப்பியர் மட்டும் அல்லர். ஓய்வு பெற்ற அரசு அலுவலர்கள், வழக்கறிஞர்கள், சமீன்தார்கள், கைம்பெண்கள், படைவீரர்கள் எனப் பல்வேறு தரத்தினரும் வைப்பாளர்களாக இருந்தனர். அறச்செயல்களுக்கென ஒதுக்கப்பட்ட தொகைகளும் அங்கு வைக்கப்பட்டிருந்தன. நிலத்திலும் நகையிலும் மட்டுமே சேமித்து வந்த குடும்பங்கள், வட்டி வருவாயை நம்பி வாழத் தொடங்கிய காலம் அது. ஓய்வூதியம் இல்லாத ஒருவருக்கு அர்பத்நாட்டில் வைத்த பணமே முதுமைக்கான ஆதாரமாக இருந்தது.

லண்டன் தொடர்பு

சென்னை நிறுவனத்திற்கு லண்டனில் பி. மக்ஃபேடியன் அண்டு கம்பெனி என்னும் இணை நிறுவனம் இருந்தது. பேட்ரிக் மக்ஃபேடியன் அதனை நடத்தினார். சென்னை நிறுவனத்திலும் அவர் ஒரு கூட்டாளி ஆவார். சென்னையில் திரட்டப்பட்ட பணத்தில் பெரும்பகுதி லண்டன் வழியாக முதலீடு செய்யப்பட்டது. மக்ஃபேடியன் ஊக வாணிகத் தன்மை கொண்ட முயற்சிகளில் பெருந்தொகைகளை ஈடுபடுத்தினார். அவற்றுள் பல எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

வைப்பாளர் கேட்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்தை, எளிதில் மீட்க முடியாத நீண்டகால முயற்சிகளில் முடக்குவது வங்கித் தொழிலின் மிகப்பெரிய இடர் ஆகும். புதிய வைப்புகள் வந்துகொண்டிருக்கும் வரை பழைய வைப்புகளைத் திருப்பிக் கொடுக்க இயலும். வரத்து குறைந்தாலோ, பெருந்தொகை ஒன்று ஒரே நாளில் கேட்கப்பட்டாலோ நிறுவனம் தடுமாறிவிடும். அர்பத்நாட் நிறுவனம் பல ஆண்டுகள் இந்நிலையிலேயே இயங்கி வந்தது. ஆயினும் அதன் கதவுகள் திறந்தே இருந்தன; வைப்புகளும் தொடர்ந்து ஏற்கப்பட்டன.

1906ஆம் ஆண்டு வீழ்ச்சி

1906ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் சனிக்கிழமையன்று மக்ஃபேடியன் லண்டனில் தற்கொலை செய்துகொண்டார். லண்டன் நிறுவனத்தின் நிலை வெளிப்பட்டதும் சென்னை நிறுவனம் தாக்குப்பிடிக்க இயலவில்லை. அக்டோபர் 22ஆம் நாள் திங்கட்கிழமை அர்பத்நாட் அண்டு கம்பெனி பணம் வழங்குவதை நிறுத்தியது. நூறு ஆண்டுகளை எட்டவிருந்த நிறுவனம் அன்றோடு முடிவுக்கு வந்தது.

அக்காலத்தில் இத்தகைய வீழ்ச்சியைத் தடுக்கும் அமைப்புகள் எவையும் இந்தியாவில் இல்லை. இந்திய ரிசர்வ் வங்கி 1935ஆம் ஆண்டில்தான் தொடங்கப்பட்டது. வங்கிகளை ஒழுங்குபடுத்தும் தனிச்சட்டம் 1949இல் வந்தது. வைப்புத்தொகைக் காப்பீடு 1962ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கியது; அப்போது ஒரு வைப்பாளருக்கு ரூ. 1,500 வரை மட்டுமே காப்பீடு இருந்தது. 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் இவ்வரம்பு ரூ. 5 லட்சமாக உயர்த்தப்பட்டது. 1906ஆம் ஆண்டில் பணம் இழந்த ஒருவருக்கு நொடிப்பு நீதிமன்றம் பங்கிட்டுத் தரும் தொகையைத் தவிர வேறு கதி இருக்கவில்லை.

நொடிப்பு நடவடிக்கை

பொதுப் பேச்சில் திவால் எனவும், தமிழகத்தில் ஐ.பி. கொடுத்தல், மஞ்சள் கடுதாசி கொடுத்தல் எனவும் வழங்கும் செயலே சட்டத்தில் நொடிப்பு மனு எனப்படுகிறது. ஐ.பி. என்பது இன்சால்வென்சி பெட்டிசன் என்பதன் சுருக்கம் ஆகும்.

அர்பத்நாட் நொடித்தபோது சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மாகாணத் தலைநகரங்களில் 1848ஆம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய நொடிப்புச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அதன்படி கடனாளி தன் கடன்களையும் சொத்துகளையும் பட்டியலிட்டு உயர்நீதிமன்றத்தில் மனு அளிக்க வேண்டும். உடனே அவரது சொத்து முழுவதும் சொத்தாட்சியர் (அஃபிசியல் அசைனி) என்னும் நீதிமன்ற அலுவலரிடம் ஒப்படைக்கப்படும். அவர் சொத்துகளை விற்றுப் பணமாக்கி, கடன் கொடுத்தோருக்கு அவரவர் தொகைக்கு ஏற்ற விகிதத்தில் பங்கிட்டு அளிப்பார். கடனுக்காகச் சிறை வைக்கப்படும் வழக்கம் இருந்த காலமாதலால், நொடிப்பு மனு கடனாளிக்குச் சிறையிலிருந்து காக்கும் கவசமாகவும் பயன்பட்டது.

கூட்டு வணிகம் நொடிக்கும்போது இரண்டு வகைச் சொத்துகள் தனித்தனியே கணக்கிடப்படும். நிறுவனத்தின் பொதுச் சொத்து முதலில் நிறுவனத்தின் கடனுக்குச் செல்லும். ஒவ்வொரு கூட்டாளியின் சொந்தச் சொத்தும் முதலில் அவரது சொந்தக் கடனுக்குச் செல்லும். ஒன்றில் மீதம் இருந்தால் அது மற்றதற்கு மாற்றப்படும். இவ்வகையில் நிறுவனத்தின் வீழ்ச்சி ஜார்ஜ் அர்பத்நாட்டின் தனிப்பட்ட நொடிப்பாகவும் ஆயிற்று.

இரு நாடுகளில் நொடிப்பு

சென்னையில் நடவடிக்கை தொடங்கிய காலத்தில் லண்டனிலும் மக்ஃபேடியன் நிறுவனத்தின்மீது நொடிப்பு நடவடிக்கை தொடங்கியது. இரு நிறுவனங்களின் கணக்குகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. சென்னை நிறுவனத்திற்கு லண்டனில் சொத்து இருந்தது; லண்டன் நிறுவனத்திற்குக் கடன் கொடுத்தோர் இந்தியாவிலும் இருந்தனர். எந்தக் கடன் எந்த நிறுவனத்தைச் சேரும் என்பதைப் பிரித்தறிவது எளிதாக இல்லை. இரு நீதிமன்றங்களும் தனித்தனியே செயல்பட்டிருந்தால், வழக்குச் செலவிலேயே எஞ்சிய சொத்தும் கரைந்திருக்கும்.

இந்நிலையில் லண்டனில் இருந்த பொறுப்பாளரும் சென்னையின் சொத்தாட்சியரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். இரு நடவடிக்கைகளிலும் எல்லாக் கடன் கொடுத்தோரின் கோரிக்கைகளையும் ஏற்பது, தகவல்களைப் பரிமாறிக்கொள்வது, திரளும் பணத்தை ஒன்றாகக் கருதி இரு நாட்டவருக்கும் சம விகிதத்தில் பங்கிடுவது ஆகியன அதன் கூறுகள் ஆகும்.

ஆந்திரக் கடற்கரைப் பகுதியில் உள்ள விஜயநகரத்தின் பெயரைக் கொண்ட ஒரு நிறுவனம் கடன் கொடுத்தோர் என்னும் முறையில் இதனை எதிர்த்தது. ஆங்கிலப் பொறுப்பாளருக்கு இவ்வாறு உடன்பாடு செய்ய அதிகாரம் உண்டா என்பதே கேள்வி. 1908ஆம் ஆண்டு ஆங்கில நீதிமன்றம் உடன்பாட்டை ஏற்றுக்கொண்டது. அது நடைமுறைக்கு உகந்தது எனவும், கடன் கொடுத்தோர் அனைவருக்கும் நன்மை தருவது எனவும் நீதிமன்றம் கருதியது.

பல நாடுகளில் கிளை பரப்பிய நிறுவனங்கள் நொடிக்கும்போது அந்தந்த நாட்டு நீதிமன்றங்கள் ஒத்துழைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. ஐக்கிய நாடுகள் அவையின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் 1997ஆம் ஆண்டு இதற்கென மாதிரிச் சட்டம் ஒன்றை வெளியிட்டது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு ஜெட் ஏர்வேஸ் வழக்கில் இந்திய, நெதர்லாந்து நடவடிக்கைகளுக்கு இடையே ஒத்துழைப்பு உடன்பாடு ஏற்கப்பட்டது. இத்தகைய உடன்பாடுகளுக்கு மிகப் பழைய முன்மாதிரிகளுள் ஒன்றாக மக்ஃபேடியன் வழக்கு கருதப்படுகிறது.

குற்ற வழக்கும் தண்டனையும்

நொடிப்பு மனு அளிப்பது குற்றம் அன்று. வணிகத்தில் நட்டம் அடைந்த ஒருவர் உள்ளதை ஒப்படைத்துவிட்டு மீண்டும் வாழ்வைத் தொடங்க வழி செய்வதே நொடிப்புச் சட்டத்தின் நோக்கம். ஆனால் நிறுவனம் கடனைத் தீர்க்க இயலாத நிலையில் உள்ளது என்பதை அறிந்தும் வைப்புகளை ஏற்பதும், நிலையை மறைப்பதும் வேறு வகையானவை. அர்பத்நாட் மீதான குற்ற வழக்கின் மையமாக இவ்வேறுபாடே அமைந்தது.

வழக்கு சென்னையில் நடைபெற்றது. அர்பத்நாட் மோசடிக் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டு 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். சட்டமன்ற உறுப்பினராகவும் சென்னை வங்கியின் தலைவராகவும் இருந்த ஓர் ஆங்கிலேயர், இந்தியர்கள் பெரும்பான்மையாகப் பாதிக்கப்பட்ட வழக்கில் கடுங்காவல் பெற்றது அக்காலத்தில் அரிய நிகழ்வு ஆகும். தண்டனை வைப்பாளர்களின் பணத்தை மீட்டுத் தரவில்லை. எனினும் நொடிப்பு நீதிமன்றத்தில் அடைக்கலம் புகுவதால் மட்டும் குற்றப் பொறுப்பு நீங்கிவிடாது என்பதை அது உறுதிப்படுத்தியது.

இந்தியன் வங்கியின் தோற்றம்

கடன் கொடுத்தோரின் நலனுக்காக உழைத்தவர்களுள் முதன்மையானவர் மயிலாப்பூரைச் சேர்ந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் (1863–1911) ஆவார். இவர் காங்கிரசின் மிதவாதப் பிரிவைச் சேர்ந்தவர். மயிலாப்பூர் சமசுகிருதக் கல்லூரியை நிறுவியவர். அரசியல் கருத்தில் மாறுபட்டபோதிலும் சுப்பிரமணிய பாரதியின் பாடல்களை அச்சிட்டு இலவசமாக வழங்கியவரும் இவரே. பின்னாளில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் பணியாற்றினார்.

இந்தியர்களின் பணத்தை இந்தியர்களே நிருவகிக்கும் வங்கி ஒன்று வேண்டும் என்னும் கருத்து அப்போது வலுப்பெற்றது. 1905ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையை அடுத்துச் சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியிருந்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளை முன்னின்று தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பதிவு செய்யப்பட்டது. அதற்கு ஆறு நாட்களுக்குப் பின்னரே அர்பத்நாட் நிறுவனம் வீழ்ந்தது. இரு நிகழ்வுகளும் தனித்தனியானவை. ஆயினும் ஆங்கிலேய நிறுவனம் என்றாலே நாணயம் தவறாது என்னும் நம்பிக்கை தளர்ந்த காலம் சுதேசி முயற்சிகளுக்கு உகந்ததாக அமைந்தது.

1906ஆம் ஆண்டு நவம்பரிலேயே புதிய வங்கிக்கான முயற்சிகள் தொடங்கின. கிருஷ்ணசாமி ஐயரின் முன்முயற்சியோடு நாட்டுக்கோட்டை நகரத்தார் சமூகத்தின் ஆதரவும் சேர்ந்தது. 1907ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் இந்தியன் வங்கி பதிவு செய்யப்பட்டது. அதே ஆண்டு ஆகத்து 15ஆம் நாள் அது செயல்படத் தொடங்கியது. கூட்டு வணிகமாக அன்றி, வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய பங்கு நிறுவனமாக அது அமைக்கப்பட்டது. பங்குதாரர்கள், இயக்குநர் குழு, தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கு ஆகியன அதற்கு இருந்தன. ஒரு குடும்பத்தின் பெயரை மட்டும் நம்பிப் பணம் வைக்கும் முறைக்கு இது மாற்றாக இருந்தது.

அர்பத்நாட் அலுவலகம் இருந்த முதல் கடற்கரைச் சாலையிலேயே பின்னர் இந்தியன் வங்கியின் தலைமையகம் அமைந்தது. இவ்வங்கி 1932ஆம் ஆண்டு கொழும்பில் கிளை தொடங்கியது; 1969ஆம் ஆண்டு சூலை 19ஆம் நாள் நாட்டுடைமை ஆக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அலகாபாத் வங்கி இதனோடு இணைக்கப்பட்டது.

நொடிப்புச் சட்டத்தின் பிற்கால வளர்ச்சி

அர்பத்நாட் வீழ்ச்சியை ஒட்டிய சில ஆண்டுகளில் இந்தியாவின் நொடிப்புச் சட்டங்கள் புதிதாக எழுதப்பட்டன. மாகாணத் தலைநகரங்களுக்கு வெளியே உள்ள பகுதிகளுக்கு 1907ஆம் ஆண்டிலும், தலைநகரங்களுக்கு 1909ஆம் ஆண்டிலும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. முன்னதற்குப் பதிலாக 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

இதனால் கடனாளி வாழும் இடத்தைப் பொறுத்துச் சட்டமும் நீதிமன்றமும் மாறுபட்டன. சென்னை நகரில் வாழ்ந்த அல்லது தொழில் செய்த கடனாளி உயர்நீதிமன்றத்தை நாடவேண்டும். நகர எல்லைக்குத் தெற்கே செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் போன்ற ஊர்களில் வாழ்ந்தவர் மாகாணச் சட்டத்தின்படி மாவட்ட அளவிலான நீதிமன்றத்தை நாடவேண்டும். முன்னதில் சொத்து சொத்தாட்சியரிடமும், பின்னதில் நீதிமன்றத்திடமோ அது அமர்த்தும் பெறுநரிடமோ (ரிசீவர்) சேரும்.

இரு சட்டங்களுக்கும் பொதுவான சில கூறுகள் பின்வருமாறு:

கடன் ரூ. 500க்குக் குறையாமல் இருந்தால் கடனாளி தாமே மனு அளிக்கலாம். கடனுக்காகக் கைதானவரும், நீதிமன்றத் தீர்ப்பின்படி சொத்து பற்றுகை செய்யப்பட்டவரும் மனு அளிக்கலாம்.

தொழிற் கருவிகள், உடுத்தும் துணி, சமையல் பாத்திரம் போன்ற இன்றியமையாப் பொருள்கள் குறிப்பிட்ட வரம்பிற்குள் கடனாளியிடமே விடப்படும்.

நொடித்தவராக அறிவிக்கப்பட்டவர் பின்னர் விடுவிப்பு ஆணை கோரவேண்டும். அவ்வாணை கிடைத்த பின்னரே பழைய கடன்களிலிருந்து விடுதலை உண்டு.

விடுவிப்புக்கு முயலாததால் முதல் நொடிப்பு நீக்கம் செய்யப்பட்டிருந்தால், நீதிமன்றத்தின் அனுமதி இன்றி மீண்டும் மனு அளிக்க இயலாது. முன்னர் ஒருமுறை நொடித்தவர் என்பதும் விடுவிப்பு வழங்கும்போது நீதிமன்றம் கருதும் கூறுகளுள் ஒன்றாகும். இதன்மூலம் அடுத்தடுத்து மனு அளித்துக் கடனைத் தட்டிக் கழிப்பது தடுக்கப்படுகிறது.

மோசடியால் ஏற்பட்ட கடனும், நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தை மோசடியாகக் கையாண்டதால் ஏற்பட்ட கடனும் விடுவிப்பு ஆணையால் நீங்குவதில்லை.

கடைசியாகக் கூறப்பட்ட விதி, நேர்மையாக நட்டம் அடைந்தவரையும் ஏமாற்றியவரையும் சட்டம் வேறுபடுத்திப் பார்ப்பதைக் காட்டுகிறது. 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் தொகுப்புச் சட்டம் பழைய இரு சட்டங்களுக்கும் மாற்றாக இயற்றப்பட்டது. அதில் தனிநபர்களுக்கான பகுதி 2019ஆம் ஆண்டு டிசம்பர் முதல், நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் அளித்தோர் அளவில் மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது.

இறுதிக் காலம்

தண்டனைக்குப் பின் அர்பத்நாட் சென்னையின் பொது வாழ்வில் முன்னைய இடத்தைப் பெறவில்லை. வீழ்ச்சிக்குப் பின் இருபது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து, 1929ஆம் ஆண்டு காலமானார். பாரி, பின்னி ஆகிய பெயர்கள் சென்னையில் நிலைத்தன. பாரியின் பெயர் பாரிமுனையாக இன்றும் நாள்தோறும் வழங்குகிறது. மூன்றாவது பெயரான அர்பத்நாட், வரலாற்று நூல்களிலும் சட்ட நூல்களிலும் மட்டுமே எஞ்சியது.

மதிப்பீடு

அர்பத்நாட் வீழ்ச்சி ஒரு தனி மனிதரின் பேராசையால் மட்டும் நேர்ந்தது அன்று. லண்டனில் மக்ஃபேடியன் எடுத்த முடிவுகள் அதற்கு உடனடிக் காரணமாயின. ஆனால் அம்முடிவுகள் பல ஆண்டுகள் வெளித்தெரியாமல் இருந்ததற்குச் சென்னையில் அர்பத்நாட் பெற்றிருந்த மதிப்பே துணை நின்றது. சென்னை வங்கி, வணிகக் கழகம், சட்டமன்றம் ஆகியவற்றில் அவர் வகித்த பதவிகள் அவரது நிறுவனத்தின் கணக்கைப் பற்றிய சான்றுகள் அல்ல. வைப்பாளர்கள் அவற்றைச் சான்றுகளாக எடுத்துக்கொண்டனர். கணக்கைக் காட்டவேண்டிய சட்டக் கடமை நிறுவனத்திற்கு இல்லாத நிலையில், அவர்களுக்குக் கிடைத்த சான்றும் அது ஒன்றே ஆகும்.

இதற்குப் பின்னரும் தென்னிந்தியாவில் வங்கிகள் வீழ்ந்துள்ளன. 1938இல் திருவாங்கூர் நேசனல் குயிலான் வங்கியும், 1960இல் பாலை மத்திய வங்கியும் நொடித்தன. இரண்டாவது வீழ்ச்சியைத் தொடர்ந்தே வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. தணிக்கை, மேற்பார்வை, காப்பீடு ஆகிய மூன்றும் இன்றைய வைப்பாளருக்குக் கிடைத்துள்ள பாதுகாப்புகள் ஆகும். 1906ஆம் ஆண்டு அக்டோபரில் முதல் கடற்கரைச் சாலை அலுவலகத்தில் பணம் வைத்திருந்தவர்களுக்கு இவற்றுள் ஒன்றுகூட இருக்கவில்லை.